மறந்துபோன ஹார்ன் பீஸ் ஒண்ண தேடி எடுத்து மேடை ஏத்துறது எப்படி – முழுமையான வழிகாட்டி

பிரெஞ்ச் ஹார்ன் (சுருண்ட பித்தளை ஊதுகருவி) வாசிக்கிற யாரையாவது புடிச்சு என்ன வாசிக்கப்போறீங்கன்னு கேட்டா மொசார்ட்டோட நாலு கான்செர்ட்டோ (ஒருத்தர் முன்ன நின்னு ஆர்க்கெஸ்ட்ராவோட வாசிக்கிற பீஸ்), ரிச்சர்ட் ஸ்ட்ராஸோட ரெண்டு, தைரியசாலியா இருந்தா ஷூமன், அவ்ளோதான் பட்டியல். அதுக்கு வெளிய கெடக்குற பீஸ்கள தொட்டுப் பாக்கணும்னு ஆசப்படுறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். நான் ஒரு அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராவுல நாலாவது ஹார்ன், அதாவது முழுக்க அடி ஸ்தாயி வேல. பழைய சொனாட்டா (ஹார்னும் பியானோவும் சேந்து வாசிக்கிற பெரிய பீஸ்) மூணு நாலு மேடை வரைக்கும் கொண்டு போயிருக்கேன், ஒண்ணுல நல்லா சொதப்பியும் இருக்கேன். புதுசா வர்றவங்க எங்க தடுக்கி விழுறாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்.

நான் பாத்த வரைக்கும் தப்பு வாசிப்புல இல்ல, வரிசையில. எல்லாரும் ஹார்ன் பார்ட்ட (ஹார்ன்காரருக்கான நோட்டுத் தாள) பிரிண்ட் எடுத்து, முதல் வரிய ஊதிப் பாத்து, புடிச்சிருந்தா அதையே தேர்ந்தெடுக்குறாங்க. ஹார்ன் பார்ட்ட ஊதுறது கடைசில வர வேண்டிய வேல.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

எஃப், பி-ஃபிளாட்னு ரெண்டு சுருதிக் குழாயும் இருக்குற டபுள் ஹார்ன் வேணும். சிங்கிள் பி-ஃபிளாட் ஹார்ன் வெச்சிருந்தாலும் வாசிக்கலாம், ஆனா கீழ 8-வது படில நான் சொல்ற பயிற்சிய செய்ய எஃப் பக்கம் இல்லாம கஷ்டம்.

ரேஞ்ச் விஷயத்துல பேராச வேணாம். ட்ரெபிள் ஸ்டாஃபுக்கு (நோட்டு எழுதுற அஞ்சு கோடு) கீழ இருக்குற ஜி-ல இருந்து மேல ஸ்டாஃபுக்கு வெளிய இருக்குற ஏ வரைக்கும் எந்த நாள்ல எழுப்பிக் கேட்டாலும் வரணும். நல்ல நாள்ல மட்டும் வர்ற நோட்ட கணக்குல சேக்காதீங்க.

ட்ரான்ஸ்போஸ் (எழுதின நோட்ட வேற சுருதிக்கு மாத்தி வாசிக்கிறது) பண்ற பழக்கம் கொஞ்சமாவது இருக்கணும். இல்லன்னா கோப்ராஷோட ஓபஸ் 6 (ஓபஸ்னா இசையமைப்பாளரோட படைப்பு எண்) எட்யூட், அதாவது பயிற்சித் துண்டுகள்ல இருந்து தினம் ஒண்ணு எடுத்து, ஒரு தடவ எஃப்-ல, ஒரு தடவ ஈ-ஃபிளாட்ல, ஒரு தடவ ஈ-ல வாசிங்க. ரெண்டு வாரத்துல தல சுத்துறது நின்னுடும்.

அப்புறம் ஒரு பியானிஸ்ட். "பாக்கலாம்"னு சொல்ற பியானிஸ்ட் இல்ல, தேதி குடுத்த பியானிஸ்ட். மொத்தமா பத்து வாரம் ஒதுக்குங்க, அதுக்கு கம்மியா திட்டம் போட்டா கடைசி ரெண்டு வாரம் உதட்ட கிழிச்சுக்குவீங்க.

2. நீங்க மேல் ஹார்னா, கீழ் ஹார்னா?

பீஸ் தேடுறதுக்கு முன்னாடி இத முடிவு பண்ணுங்க. வால்வ் (வெரலால அமுக்கி குழாய் நீளத்த மாத்துற விசை) வர்றதுக்கு முன்னாடி இருந்த காலத்துல ஹார்ன் வாசிக்கிறவங்க ரெண்டு ஜாதி, மேல் ஸ்தாயிக்காரங்க, கீழ் ஸ்தாயிக்காரங்க. பாரிஸ்ல டோப்ரா 1824-ல போட்ட பாடப்புத்தகமே இந்த ரெண்டு பிரிவையும் தலைப்புல வெச்சுத்தான் வந்துச்சு. அந்தக் காலத்து சொனாட்டா யாருக்காக எழுதினதுன்னு தெரியாம எடுத்தீங்கன்னா மாட்டிக்குவீங்க.

பீத்தோவனோட ஓபஸ் 17 சொனாட்டா கீழ் ஸ்தாயிக்காரரான பூன்டோவுக்கு எழுதினது. அதனால அதுல உச்சத்துல ரொம்ப நேரம் நிக்கிற வேல இல்ல, ஆனா மேலயும் கீழயும் தாவி ஓடுற ஆர்பெஜியோ (சேந்து ஒலிக்க வேண்டிய நோட்டுகள ஒண்ணொண்ணா பிரிச்சு வாசிக்கிறது) நெறைய. மேல் ஹார்ன்காரர் ஒருத்தர் "இதுல ஹை நோட்டே இல்லையே, ஈசி"ன்னு எடுத்து, அடி ஜி வர்ற இடத்துல காத்து மட்டும் வந்து நின்னத பாத்திருக்கேன். நம்ம மாதிரி ரெண்டாவது நாலாவது ஹார்ன்காரங்களுக்கு இந்த வகை பீஸ் வரப்பிரசாதம்.

இதுல எல்லாரும் பண்ற தப்பு, பார்ட்ட எடுத்து ஆகப் பெரிய மேல் நோட்ட மட்டும் தேடுறது. உச்சத்துல ஒரு நோட்ட தொட்டுட்டு இறங்குறது பிரச்சனையே இல்ல. பென்சில எடுத்து, ஸ்டாஃபோட மேல் கோட்டுக்கு மேல எத்தன பார் (தாளக் கட்டம்) தொடர்ச்சியா இருக்கீங்கன்னு எண்ணுங்க. அந்த எண்ணிக்கதான் உங்க உதட்டோட தலையெழுத்து.

3. எத எடுக்கலாம்

முதல் முயற்சிக்கு சின்னதா ஒண்ணு. சேன்-சான்ஸோட ரொமான்ஸ் ஓபஸ் 36, 1874-ல எழுதினது, எஃப் மேஜர், சில நிமிஷத்துல முடிஞ்சுடும், ஆனா நீளமான மூச்சு எப்படி எடுக்கணும்னு அது கத்துக் குடுக்குற மாதிரி வேற எதுவும் கத்துக் குடுக்காது. கீழ் ஹார்ன்காரங்களுக்கு நீல்சனோட காண்டோ செரியோசோ. கோபன்ஹேகன் ராயல் தியேட்டர்ல நாலாவது ஹார்ன் ஆடிஷனுக்காக 1913-ல எழுதின பீஸ் இது. நாலாவது ஹார்னுக்குன்னே ஒருத்தர் உக்காந்து எழுதியிருக்காருங்கறதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம், அத மறைக்கப்போறதில்ல.

அடுத்தது பழைய சொனாட்டாக்கள். டான்சி ஓபஸ் 28, ஈ-ஃபிளாட் மேஜர். அதே டான்சியோட ஓபஸ் 44, ஈ மைனர். ஃபெர்டினாண்ட் ரீஸ் ஓபஸ் 34, எஃப் மேஜர். நிக்கோலாஸ் ஃபான் க்ரூஃப்ட்டோட ஈ மேஜர் சொனாட்டா. எனக்கு க்ரூஃப்ட் மேல ஒரு கிறுக்கே உண்டு, ஆனா முதல் சொனாட்டாவா அத எடுக்காதீங்க, டான்சி 28-அ எடுங்க. ஏன்னு 5-வது படில புரியும்.

மேல் ஹார்ன்காரங்க மொசார்ட்டுக்கு பதிலா ரோசெட்டியோட கான்செர்ட்டோக்கள பாருங்க. மொசார்ட் காலத்துலயே வாழ்ந்தவர், 1792-ல இறந்துட்டார், ஹார்ன ரொம்ப நல்லா தெரிஞ்சு எழுதினவர்.

பெரிய ரொமான்டிக் சொனாட்டா வேணும்னா ரைன்பெர்கர் ஓபஸ் 178, ஈ-ஃபிளாட் மேஜர், 1894. மூணு மூவ்மென்ட், பியானோவுக்கும் ஹார்னுக்கும் சரி பங்கு. இத ஏன் யாரும் வாசிக்கறதில்லன்னு எனக்கு இன்னும் பிடிபடல. ஆர்கன் இசைக்காரர்னு ஓரமா ஒதுக்கிட்டாங்களோ என்னவோ.

கூட ஆள் கெடச்சா ட்ரியோ. ஓபோ, ஹார்ன், பியானோவுக்கு ரைனெக்கெயோட ஓபஸ் 188 ஏ மைனர், ஹெர்ட்சோகன்பெர்கோட ஓபஸ் 61 டி மேஜர். பாடுறவங்க கெடச்சா ஷூபர்ட்டோட "ஔஃப் டெம் ஸ்ட்ரோம்", 1828-ல எழுதினது, குரலும் ஹார்னும் பியானோவும். ஹார்ன் பிராக்டிஸ் பண்றவங்களுக்கு குரல் பக்கத்துல நின்னு வாசிக்கிறத விட பெரிய பாடம் கெடையாது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தா யார்க் போவனோட ஓபஸ் 101 சொனாட்டா 1937, பெல்ஜியத்துக்காரர் ஜேன் விக்னெரியோட ஓபஸ் 7 சொனாட்டா 1942, எத்தல் ஸ்மைத்தோட வயலின்-ஹார்ன் கான்செர்ட்டோ 1927. ஸ்மைத் அவங்க கடென்சாவுல (ஆர்க்கெஸ்ட்ரா நின்னு தனியா வித்த காட்டுற இடம்) ஹார்ன்காரர ஊதிக்கிட்டே முனகச் சொல்லி ஒரே நேரத்துல கார்டு (பல நோட்டு ஒண்ணா) எடுக்க வெச்சிருக்காங்க. ஆச இருந்தா வீட்ல முயற்சி பண்ணிப் பாருங்க, பக்கத்து வீட்டுக்காரங்க வருவாங்க.

4. பிரிண்ட் எடுக்கும்போது எடிஷன பாருங்க

ஐஎம்எஸ்எல்பி-ங்கற இலவச இசைநோட்டுத் தளத்துல பழைய எடிஷன் ஸ்கேன் நெறைய கெடைக்கும், ஆனா முதல்ல கண்ணுல பட்ட பார்ட்ட டவுன்லோட் பண்ணாதீங்க. பீத்தோவன் ஓபஸ் 17 1801-ல அச்சாகும்போதே செல்லோ பார்ட்டும் சேந்து வந்துச்சு. ஹார்ன் இல்லாத வீட்லயும் வாசிக்கணும்ல, விக்கணும்ல. அந்த செல்லோ பார்ட் ஹார்ன் பார்ட்டோட அப்படியே ஒத்துப்போகாது. ஒருத்தர் செல்லோ பார்ட்ட எடுத்துட்டு வந்து "இந்த நோட்டெல்லாம் ஹார்ன்ல எப்படி வாசிக்கிறது"ன்னு கேட்டது நடந்த கத.

ரெண்டு பார்ட் எடுங்க, ஒண்ணு மூல க்ரூக்ல (எழுதினப்ப இருந்த சுருதில, 5-வது படில விளக்குறேன்) இருக்குறது, இன்னொண்ணு எஃப் ஹார்னுக்கு மாத்தி எழுதினது. மாத்தி எழுதினவங்க சில சமயம் ஸ்லர் (சேத்து வாசிக்கிற வளைகோடு), டைனமிக்ஸ் (சத்தத்தோட ஏத்த இறக்கம்) எல்லாத்தையும் அவங்க இஷ்டத்துக்கு சேத்திருப்பாங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா எது மூலத்துல இருந்தது, எது எடிட்டரோட கைவேலன்னு தெரிஞ்சுடும்.

காப்பிரைட் பாருங்க. ஐரோப்பாவுல எழுதினவர் இறந்து 70 வருஷம், இந்தியாவுல 60. போவன் இறந்தது 1961, அதனால அவரோட சொனாட்டா ஒரு நாட்டுல ஃப்ரீயா இருக்கும் இன்னொரு நாட்டுல காசு குடுக்கணும். ஸ்மைத் 1944-லயே இறந்துட்டாங்க, ரெண்டு இடத்துலயும் பிரச்சனை இல்ல.

அப்புறம் ஒரு அரை மணி நேரம் உக்காந்து பார் நம்பர் போடுங்க, ஹார்ன் பார்ட்லயும் பியானோ ஸ்கோர்லயும். பழைய அச்சுல நம்பரே இருக்காது, ரிஹர்சல்ல "அந்த டட்டடா வர்ற இடத்துல இருந்து"ன்னு கத்திக்கிட்டு இருக்குறது தலைவலி. நம்பர் போடும்போதே ரெண்டுலயும் பார் எண்ணிக்க ஒத்து வருதான்னும் தெரிஞ்சுடும், ஸ்கேன்ல ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தா இங்கயே மாட்டும்.

5. க்ரூக்கும் கட்டையும்

இங்கதான் பாதிப் பேர் விழுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

வால்வ் இல்லாத ஹார்ன்ல சுருதி மாத்தணும்னா குழாயோட நீளத்த மாத்தணும், அதுக்கு செருகுற துண்டுக் குழாய்தான் க்ரூக். எந்த க்ரூக் செருகினாலும் வாசிக்கிறவருக்கு பேப்பர்ல தெரியுறது சி மேஜர்தான். நம்ம ஊர்ல பாட்டு கத்துக்கிட்டவங்களுக்கு இது சட்டுனு புரியணும், ஏன்னா ஸ்வரம் எப்பவும் ஸ ரி க ம தான், சுருதி மட்டும் ஒரு கட்டை, ரெண்டு கட்டைன்னு மாறும். பேப்பர்ல இருக்குற சி-ய ஸ-ன்னு நெனச்சுக்குங்க, க்ரூக்தான் கட்டை. எஃப் க்ரூக்னா 4 கட்டை. ஈ-ன்னா 3 கட்டை, ஈ-ஃபிளாட் ரெண்டரை, டி 2, சி 1. மேல போனா ஜி 5, ஏ 6, பி-ஃபிளாட் ஆறரை.

உங்க கையில இருக்குற ஹார்ன் எஃப்-ல எழுதிப் படிக்கிறது, அதாவது நீங்க எப்பவும் 4 கட்டையில உக்காந்திருக்கீங்க. ஈ-ல எழுதின பார்ட்னா அரை ஸ்டெப் கீழ படிக்கணும், ஈ-ஃபிளாட்னா முழு ஸ்டெப் கீழ, டி-ன்னா மைனர் தேர்ட் கீழ, சி-ன்னா ஃபோர்த் கீழ. ஜி-ன்னா முழு ஸ்டெப் மேல, ஏ-ன்னா மேஜர் தேர்ட் மேல. பி-ஃபிளாட் மட்டும் ரெண்டு விதம், ஆல்டோன்னு போட்டிருந்தா ஃபோர்த் மேல, பாஸோன்னு போட்டிருந்தா ஃபிஃப்த் கீழ. 3 கட்டைக்கும் 4 கட்டைக்கும் நடுவுல அரை கிடையாதுங்கறத மறந்துட்டு ஈ-யையும் ஈ-ஃபிளாட்டையும் குழப்பிக்கிறவங்க உண்டு.

அடுத்த பொறி ஜெர்மன் எழுத்து. பார்ட் மேல "இன் எஸ்"னு இருந்தா அது ஈ-ஃபிளாட், ஈ இல்ல. "இன் பி"ன்னு இருந்தா பி-ஃபிளாட், பி-க்கு அவங்க ஹா-ன்னு எழுதுவாங்க. பிரெஞ்சுப் பதிப்புல "ஊட்"னா சி.

என் கூட வாசிக்கிற ஒரு தம்பி டான்சி ஓபஸ் 28 எடுத்தான். "இன் எஸ்"ங்கறத கண்டுக்கவே இல்ல, அப்படியே எஃப் பார்ட் மாதிரி மூணு வாரம் பிராக்டிஸ். தனியா வாசிக்கும்போது அழகாத்தான் இருக்கும், ஏன் இருக்காது, சி மேஜர்ல எல்லாமே பொருந்தித்தானே வரும். முதல் ரிஹர்சல்ல பியானோ ஈ-ஃபிளாட்ல ஆரம்பிக்க, இவன் ஒரு முழு ஸ்டெப் மேல எஃப்-ல நுழைய, பியானிஸ்ட் கைய எடுத்துட்டு என்னைய பாத்தாங்க. அவன் ட்யூனிங் ஸ்லைட (சுருதி சரிபண்ற நகரும் குழாய) இழுக்க ஆரம்பிச்சான். ரெண்டு இன்ச் இழுத்துட்டு திரும்பவும் ஊதினான். அப்பவும் ஸ்லைட்தான் பிரச்சனைன்னு நெனச்சுட்டிருந்தான் பாவம். மூணு வாரம் வெரல்ல ஏறுனத இறக்க அஞ்சு வாரம் ஆச்சு.

அதனால பார்ட்ட ஊதுறதுக்கு முன்னாடி பியானோ ஸ்கோர்ல ஹார்ன் நுழையிற பார கண்டுபிடிச்சு, அந்த நோட்ட பியானோல, இல்ல ஃபோன்ல இருக்குற ஆப்ல அடிச்சுக் கேளுங்க, அப்புறம் உங்க நோட்ட ஊதுங்க. ஒரு நிமிஷ வேல.

இப்ப ஏன் க்ரூஃப்ட்ட முதல்ல எடுக்கக்கூடாதுன்னு சொல்றேன். ஈ மேஜர் பீஸ எஃப் ஹார்னுக்கு மாத்தி எழுதினா பி மேஜர் ஆயிடும், அஞ்சு ஷார்ப். பாத்த உடனே பயந்துடுவீங்க. ஆனா எஃப் பக்கத்துல ரெண்டாவது வால்வ அமுக்கினா ஹார்ன் அரை ஸ்டெப் இறங்கி ஈ ஹார்ன் ஆயிடுது இல்லையா, அதனால பி, டி-ஷார்ப், எஃப்-ஷார்ப் எல்லாமே ரெண்டாவது வால்வ்லயே வந்து விழும். அஞ்சு ஷார்ப்ப பாத்து மெரளாம உள்ள இருக்குற ஈ ஹார்ன பாக்கத் தெரிஞ்ச அன்னிக்கு க்ரூஃப்ட்ட எடுங்க. டான்சி 28 மாத்தி எழுதினா பி-ஃபிளாட் மேஜர், ரெண்டே ஃபிளாட், அதான் அது முதல்ல.

6. பாஸ் கிளெஃப்ல ஒரு கண்ணி

பழைய பார்ட்ல வழக்கமான ட்ரெபிள் கிளெஃப்ப விட்டுட்டு திடீர்னு பாஸ் கிளெஃப் (அடி நோட்டுகளுக்கான குறி) வரும். அந்தக் காலத்து வழக்கப்படி பாஸ் கிளெஃப்ல இருக்குற நோட்ட ஒரு ஆக்டேவ் கீழ எழுதிடுவாங்க, எஃப் ஹார்னா இருந்தா ட்ரெபிள்ல ஃபிஃப்த் கீழ ஒலிக்கிறது பாஸ்ல ஃபோர்த் மேல ஒலிக்கும். புது வழக்கத்துல ரெண்டுலயும் ஃபிஃப்த் கீழதான்.

எதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி. கிளெஃப் மாறுற இடத்துல மெலடிய பாருங்க. படிப்படியா இறங்கிட்டு இருந்தது கிளெஃப் மாறின உடனே காரணமே இல்லாம ஒரு ஆக்டேவ் பள்ளத்துல விழுந்தா அது பழைய வழக்கம், நீங்க ஒரு ஆக்டேவ் மேல வாசிக்கணும். இது தெரியாம பெடல் நோட் (குழாயோட ஆக அடி நோட்) வருமான்னு ஒரு மணி நேரம் புஸ் புஸ்ஸுன்னு ஊதிட்டு உக்காந்தவங்கள்ல நானும் ஒருத்தன்.

7. பியானிஸ்ட்டுக்கு முதல்ல குடுங்க

ஹார்ன் பார்ட்ட நீங்க பழகுறதுக்கு முன்னாடியே ஸ்கோர் பியானிஸ்ட் கையில இருக்கணும். ரீஸ் பீத்தோவன்கிட்ட படிச்ச பியானிஸ்ட், அவர் ஹார்ன் சொனாட்டா எழுதினாலும் கை பியானோல தான் ஓடும். க்ரூஃப்ட்டும் அப்படித்தான். உங்களுக்கு நாலு பக்கம், அவங்களுக்கு இருவது பக்கம் ஓட்டம்.

புதுசா வர்றவங்க இத "அக்கம்பனிமென்ட்"னு நெனச்சு ரெண்டு வாரம் முன்னாடி குடுப்பாங்க. பியானிஸ்ட் மரியாதைக்கு ஒத்துக்கிட்டு, கச்சேரில கஷ்டமான இடத்துல டெம்போவ குறைப்பாங்க, நீங்க அந்த வேகத்துல மூச்சு பத்தாம சாவீங்க. டெம்போவ முடிவு பண்றது பியானோல இருக்குற சின்ன நோட்டுதான், உங்க மெலடி இல்ல. அதனால பியானிஸ்ட்ட முதல்ல கேளுங்க, ஆக கஷ்டமான பக்கம் எது, எந்த வேகத்துல நிம்மதியா வரும்னு. அந்த மெட்ரோனோம் நம்பர பார்ட் மேல எழுதிட்டு அதுலதான் பிராக்டிஸ்.

பீத்தோவன் ஓபஸ் 17-அ 1800 ஏப்ரல் 18 கச்சேரிக்கு முந்தின நாள்தான் எழுத ஆரம்பிச்சார்னு ரீஸ் எழுதி வெச்சிருக்கார். பியானோல உக்காந்தது பீத்தோவன். உங்க பியானிஸ்ட் பீத்தோவனா இருந்தா முந்தின நாள் குடுங்க.

8. வால்வ தொடாம ஒரு தடவ

இந்தப் படிய எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. தாண்டாதீங்க, வாசிப்பையே மாத்துற படி இதுதான்.

ஈ-ஃபிளாட் பீஸ்னா எஃப் பக்கத்துல ஒண்ணாவது வால்வ அமுக்கி அப்படியே புடிச்சுக்குங்க. ஈ-ன்னா ரெண்டாவது. டி-ன்னா ஒண்ணும் ரெண்டும். எஃப்-னா எதுவும் வேணாம். இப்ப உங்க கையில இருக்குறது அந்தக் காலத்து ஹார்ன். மூல க்ரூக் பார்ட்ட எடுத்து வெச்சு, வெரல அசைக்காம, உதட்டாலயும் பெல்லுக்குள்ள (ஹார்னோட அகலமான வாய்) இருக்குற வலது கையாலயும் மட்டும் மெதுவா வாசிங்க. கைய மெல்ல மூடினா சுருதி இறங்கும். பேப்பர்ல சி, ஈ, ஜி எல்லாம் திறந்த கைல கணீர்னு வரும். பி, எஃப்-ஷார்ப் வந்தா கை பாதி மூடணும், ஏ-ஃபிளாட்டுக்கு முழுசா மூடணும், சத்தம் மூக்கடைச்ச மாதிரி வரும். பேப்பர்ல பி-ஃபிளாட்டா தெரியுற ஏழாவது ஹார்மோனிக் (வெரல அசைக்காம ஒரே குழாய்ல வர்ற நோட்டு வரிசைல ஏழாவது) பியானோவோட பி-ஃபிளாட்ட விட 30 சென்ட்டுக்கு (நூறு சென்ட்னா அரை ஸ்டெப்) மேல இறங்கி நிக்கும், அதெல்லாம் பாத்து பயப்படாதீங்க, அழகா வாசிக்கிறது இங்க நோக்கமே இல்ல.

எந்த நோட்டு கணீர்னு வருது, எந்த நோட்டு அடைச்சு வருதுன்னு பார்ட்ல குறிக்கிறதுதான் நோக்கம். திறந்த நோட்டுக்கு வட்டம், அடைச்ச நோட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. டான்சி ஓபஸ் 44 ஈ மைனர், ஈ ஹார்ன்காரருக்கு அது சி மைனரா தெரியும், அதாவது ஈ-ஃபிளாட், ஏ-ஃபிளாட், பி, முக்கியமான நோட்டெல்லாம் கை மூடினது. அந்த பீஸோட சோகமே அந்த அடைச்ச குரல்லதான் இருக்கு. இத தெரியாம வால்வ் ஹார்ன்ல எல்லா நோட்டையும் ஒரே கணீர்ல அடிச்சா, "என்ன இந்த பீஸ் சப்புனு இருக்கு, மறந்து போனது நியாயம்தான்"னு தோணும். பீஸ் மேல தப்பில்ல.

அதுக்காக வால்வ் ஹார்ன்ல கைய மூடி வாசிக்கச் சொல்லல. பெருக்கல் குறி போட்ட நோட்டுல அழுத்தம் குடுக்காதீங்க, கொஞ்சம் உள்வாங்கி வாசிங்க, அடுத்து வர்ற வட்டத்துல திறந்து விடுங்க. எப்பயாவது நெஜமாவே மூடி வாசிக்க ஆசப்பட்டா எஃப் பக்கத்துல அரை ஸ்டெப் கீழ இருக்குற வெரல் போடுங்க, பி-ஃபிளாட் பக்கத்துல மூடினா அந்தக் கணக்கு ஒத்து வராது.

9. ரெஸ்ட் எண்ணுங்க, மூச்சு குறிங்க

பீஸ் எவ்ளோ நிமிஷம்ங்கறத விட உங்க வாய்ல மவுத்பீஸ் எவ்ளோ நேரம் ஒட்டியிருக்குங்கறதுதான் கணக்கு. ரீஸ், டான்சில பியானோ தனியா ஓடுற இடம் நெறைய, உதட்டுக்கு ரத்தம் திரும்பும். ஷூமனோட அடாஜியோ அண்ட் அலெக்ரோ ஓபஸ் 70 பத்து நிமிஷத்துக்கும் கம்மி, ஆனா வாய எடுக்கவே விடாது. மெதுவான மூவ்மென்ட்தான் வேகமானத விட சோர்வாக்கும்னு புதுசா வர்றவங்க நம்பமாட்டாங்க, ஒரு தடவ முழுசா வாசிச்சா நம்புவாங்க.

நாலு பாருக்கு மேல ரெஸ்ட் வர்ற இடமெல்லாம் கட்டம் போடுங்க. அங்க மவுத்பீஸ உதட்டுல இருந்து கண்டிப்பா எடுங்க, ஹார்னுக்குள்ள சேந்த தண்ணிய கொட்டுங்க. கட்டமே இல்லாம ஒரு முழு பக்கம் வந்தா மூச்ச முன்னாடியே முடிவு பண்ணி குறிங்க, இங்க முழு மூச்சு, இங்க அர மூச்சுன்னு. மேடைல மூச்ச தேடக்கூடாது.

10. சேந்து வாசிக்கும்போது

முதல் ரிஹர்சல்ல நீங்க ஊதாதீங்க. நெஜமாத்தான். பியானிஸ்ட் முழுசா வாசிக்கட்டும், நீங்க பார்ட்ட கையில வெச்சுட்டு பாடிக்கிட்டே வாங்க. எங்க நீங்க மெலடி, எங்க நீங்க வெறும் நீள நோட்டுப் புடிக்கிற துணைன்னு அப்பத்தான் தெரியும். ஹார்ன் சொனாட்டான்னு பேர் இருந்தாலும் பாதி நேரம் நம்மதான் அக்கம்பனிமென்ட், அந்த இடத்துல மேல ஏறி ஊதினா பியானிஸ்ட் கோவப்படுறது நியாயம்.

டான்சி, ரீஸ் காலத்துப் பியானோ மெலிசு. இப்ப இருக்குற கிராண்ட் பியானோ மூடிய முழுசா தொறந்து வெச்சா இடது கை நம்ம அடி நோட்ட முழுங்கிடும். பாதி தொறந்து ஆரம்பிங்க. ரைன்பெர்கர்னா முழுசா தொறக்கலாம், அதுல பியானோ கடலாட்டம் எழுதியிருக்கு.

நம்ம பெல் பின்னாடி பாத்துட்டு இருக்குங்கறத மறக்காதீங்க. பின்னாடி திரைச்சீல தொங்கினா சத்தம் அதுலயே போயிடும், சுவர் இருந்தா திரும்பி வரும். ரெண்டு மூணு இடத்துல நின்னு பாத்து, ஹால் கடைசி வரிசைல யாரையாவது உக்கார வெச்சுக் கேளுங்க.

சுருதி பாக்கும்போது எஃப் பக்கம், பி-ஃபிளாட் பக்கம் ரெண்டையும் தனித்தனியா பியானோவோட பாருங்க. அதுவும் பத்து நிமிஷம் ஊதி சூடானப்புறம். சில்லுனு இருக்குற ஹார்ன் கீழ நிக்கும், சூடாக சூடாக மேல ஏறும். சில்லுல ட்யூன் பண்ணி ஸ்லைட உள்ள தள்ளிட்டு, ரெண்டாவது மூவ்மென்ட்ல ஷார்ப்பா போய் முழிச்சவன் வேற யாரும் இல்ல, ஆரம்பத்துல சொதப்பினேன்னு சொன்னேன்ல, அது அந்த கச்சேரிதான்.

11. நிகழ்ச்சில எங்க வைக்கிறது

தெரியாத பீஸ கடைசில வைக்காதீங்க. கடைசில உங்க உதடும் களைச்சிருக்கும், கேக்குறவங்க காதும் களைச்சிருக்கும். ரெண்டாவதா வைங்க. முதல்ல சேன்-சான்ஸ் ரொமான்ஸ் மாதிரி சின்னதா, நடு ஸ்தாயில ஒண்ணு, உதடு ஹாலோட பழகிக்கும். அப்புறம் டான்சியோ ரைன்பெர்கரோ. அப்புறம் பியானிஸ்ட் தனியா ஒண்ணு வாசிக்கட்டும், நீங்க உள்ள போய் தண்ணி குடிச்சுட்டு வாங்க. கடைசில எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணு.

மறந்துபோன பீஸ் ரெண்டு பெருசா ஒரே நாள்ல வேணாம், ரெண்டுக்கும் புது டெம்போ, புது க்ரூக், தல கலங்கிடும். மூல க்ரூக் பார்ட்ட வெச்சு பிராக்டிஸ் பண்ணுங்க, மேடைக்கு மாத்தி எழுதின பார்ட்ட கொண்டு போங்க. மேடைல ட்ரான்ஸ்போஸ் பண்ணி வீரம் காட்டினா யாரும் கைதட்டப்போறதில்ல, தப்பா வந்தா மட்டும்தான் தெரியும். வட்டம், பெருக்கல் குறி, மூச்சு, கட்டம் எல்லாத்தையும் முந்தின வாரமே அந்த பார்ட்டுக்கு மாத்தி எழுதிடுங்க. பக்கம் திருப்புற இடத்துல ரெஸ்ட் இல்லன்னா அடுத்த பக்கத்து முதல் ரெண்டு வரிய ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்குங்க. ஸ்டாண்டுல ஒரு பென்சில், கீழ ஒரு பழைய துண்டு, தண்ணி கொட்ட.